ஓட்டை போட்ட மூடி

அம்பத்தூர்,
9.3.2025

மரியாதைக்குரிய ஆன்ட்டிக்கு,

ஜாஸ்லின் எழுதுவது. இங்கு நலம். உங்கள் நலமும் அங்கிள் நலமும் அறிய ஆவல். இந்த வரியைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது. அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் உபயோகப்படுகிறது.

போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. ஷெர்வினைக் கேட்டால், "அம்மா இந்தத் தவக்காலத்துக்குக் கறி மீனோட போனையும் உட்டுட்ச்சு. ஈஸ்டர் வரிக்கும் தொடாது. இன்னா விஷயமா இருந்தாலும் எழுதிக் குடு, நான் எடுத்துகினு போறேன்" என்கிறார். உங்கள் மாவு வேன் இப்போது தபால் வண்டி ஆகிவிட்டது. உறையைக் கம்பெனி டேப் போட்டு நன்றாக ஒட்டியிருக்கிறேன். பாரிவாக்கத்தில் வண்டியை ஓரம் கட்டிப் பிரித்துப் படிக்கிற ஆள் அவர் என்பது பழகிய ஒரு மாதத்திலேயே தெரிந்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நீங்கள் அப்பாவிடம், "கல்யாணத்துக்கு அப்பால பொண்ணு வேலைக்குப் போவ வேணாம். நம்ம மாவுக் கடையப் பாத்துக்கட்டும்" என்றீர்கள். அப்பா தலையாட்டினார். நான் உள்ளே காபி ஆற்றிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். வெளியே வந்தும் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் ஷெர்வினை எனக்குப் பிடித்துப் போயிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் வேறு எதுவும் பேச வரவில்லை.

ஆன்ட்டி, எனக்கு வேலையை விட மனமில்லை. நான் மூடி வரைகிறவள். தயிர் டப்பா, ஐஸ்கிரீம், ஜூஸ் பாட்டில், எதுவானாலும் உள்ளே இருப்பது கெடாமலிருக்க மேலே எப்படிப்பட்ட மூடி வேண்டும் என்று யோசித்துக் கம்ப்யூட்டரில் வரைந்து, அச்சு வெட்டக் கொடுப்பேன். "மூடிக்குக்கூடவா இன்ஜினியர்?" என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் வரைந்த மூடி போட்ட தயிரை யாராவது கடையில் எடுத்துக் கூடையில் போட்டால், பின்னாலேயே போய் அவர்களிடம் பேச வேண்டும் போல இருக்கும். அவ்வளவு பிடிக்கும் இந்த வேலை.

ஈஸ்டருக்குப் பிறகு கோயிலில் எங்கள் கல்யாண ஓலை வாசிக்கப் போகிறார்கள். கல்யாணம் என்று ஊருக்கே சொல்லிவிட்டு அப்புறம் சண்டை போடுவதைவிட, முன்பே நானே சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
ஜாஸ்லின்


கரையான்சாவடி,
12.3.2025

அன்புள்ள ஜாஸ்லினுக்கு,

ஞானகுமாரி எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவால் இங்கே எல்லோரும் சுகம், கிரைண்டர் உட்பட.

முதலில் இந்த ஆன்ட்டியை நிறுத்து. பால்வாடி டீச்சரைக் கூப்பிடுவது போல இருக்கிறது. அத்தை என்று எழுது.

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. கல்லில் தோசையை ஊற்றிவிட்டுத் திரும்பவும் படித்தேன், சிரிப்பு வந்தது. தோசை தீய்ந்தது. அன்றைக்கு நாங்கள் வந்தபோது பூனை மாதிரி நடந்து வந்து காபி கொடுத்தாயே, அந்தப் பெண்ணா இப்படி எழுதுகிறாள் என்று ஆச்சரியம். உன் மாமாவுக்குக் காட்டவில்லை. பெண்களுக்குள் இருக்கட்டும் என்று பைபிளுக்குள் வைத்துவிட்டேன்.

என் பக்கத்தையும் கேள். இரண்டு பெண்களையும் கட்டிக் கொடுத்தாயிற்று. ஒருத்தி மஸ்கட், ஒருத்தி கோயம்புத்தூர். ஷெர்வின் பொழுது விடிந்தால் வேனில் ஏறிவிடுகிறான். உன் மாமா ரிட்டயர் ஆனதிலிருந்து பேப்பர் படிக்கிறார், டப்பாவுக்கு லேபிள் ஒட்டுகிறார், தூங்குகிறார். கடையில் நானும் கிரைண்டரும்தான். மருமகள் வந்தால் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருவாள் என்று ஆசைப்பட்டேன். அது தப்பா?

பெரிதாக மூடி மூடி என்கிறாயே, என் மாவுக்கு ஒரு மூடி செய் பார்க்கலாம். தயிரைப் போலச் சாதுவாக இருக்காது என் மாவு. வெயில் ஏற ஏற டப்பாவுக்குள் பொங்கும். இறுக்கி மூடினால் மூடி உப்பித் தெறிக்கும். தளர்த்தி மூடினால் மேலே ஏடு கட்டிக் காயும், ஃப்ரிட்ஜில் இருக்கிற மீன் குழம்பு வாசனை எல்லாம் அதில் ஏறும். இத்தனை வருஷமாக நானும் விதவிதமான டப்பா வாங்கிப் பார்த்துவிட்டேன். எல்லாம் ஒன்றுதான்.

ஒரு பந்தயம் வைத்துக்கொள்வோம். ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு வரைக்கும் உன் மூடியைப் போட்டு விற்கிறேன். ஒரு டப்பாகூடத் தெறிக்கக் கூடாது, ஏடு கட்டக் கூடாது. நீ ஜெயித்தால் வேலைக்குப் போ, நான் தடுக்க மாட்டேன். தோற்றால் கடைக்கு வந்து உட்கார். தைரியம் இருந்தால் ஒத்துக்கொள்.

இப்படிக்கு,
ஞானகுமாரி அத்தை


அம்பத்தூர்,
17.3.2025

அன்புள்ள அத்தைக்கு,

ஒத்துக்கொண்டேன்! உங்கள் கடிதத்தைக் கேன்டீனில் உட்கார்ந்து படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில், பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சௌம்யா பயந்துவிட்டாள்.

நீங்கள் கேட்ட மூடி ஏற்கனவே என்னிடம் இருக்கிறது. போன வருஷமே வரைந்தேன். சோதனை அச்சில் ஒரு பெட்டி மூடியும் எடுத்தோம். "நிஜமான கடையில நிஜமான மாவுக்காரங்க யாராவது போட்டுப் பாத்தாத்தான் மேல பேச முடியும்" என்று எங்கள் மேனேஜர் கிருபாகரன் சார் பெட்டியைப் பரண் மேல் ஏற்றிவிட்டார். உங்கள் பந்தயத்தைச் சொன்னதும் அவரே ஏணி போட்டு ஏறி இறக்கிக் கொடுத்தார். அந்தப் பெட்டிதான் ஷெர்வினிடம் வருகிறது.

மூடியின் நடுவில் மிளகைவிடச் சின்னதாக ஒரு ஓட்டை இருக்கும். பார்த்துப் பதற வேண்டாம். அதன் அடியில் மெல்லிய ஒரு நாக்கு வைத்திருக்கிறேன். மாவு பொங்கி உள்ளே காற்று சேரும்போது நாக்கு லேசாகத் தூக்கிக்கொண்டு அதை வெளியே விடும், உடனே படிந்துகொள்ளும். வெளிக்காற்று உள்ளே வராது. மீன் குழம்பு வாசனையும் வராது. நீங்கள் எவ்வளவு இறுக்கி மூடினாலும் பரவாயில்லை.

கடையில் ஸ்டூல் போட்டு உட்காருவதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது மனம் கொஞ்சம் இளகிவிட்டது. ஆனாலும் பந்தயம் பந்தயம்தான். தோற்கிற எண்ணமே எனக்கு இல்லை.

அன்புடன்,
ஜாஸ்லின்

பின்குறிப்பு: ஷெர்வின் கேட்டில் நின்று, "இன்னாதான் எழுதிக்கிறீங்க ரெண்டு பேரும்? நான் யாரு, தபால்காரனா?" என்கிறார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.


கரையான்சாவடி,
24.3.2025

ஜாஸ்லினுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு இப்போது நேரமில்லை.

குமணன்சாவடியில் பார்வதம் கடை இருக்கிறதே, சனிக்கிழமை உன் மூடி போட்ட டப்பாக்களை முதல்முதலாக அங்கேதான் இறக்கினான் ஷெர்வின். ஞாயிறு காலை அவள் ஃப்ரிட்ஜைத் திறந்திருக்கிறாள். ஒன்று தெறித்ததில் மற்றதும் தெறித்து, தயிர் பாக்கெட் மேலே, முட்டை மேலே, யாரோ பிறந்தநாளுக்குச் சொல்லி வைத்திருந்த கேக் மேலே, எல்லாம் மாவு. நான் பூசை முடிந்து வெளியே வருகிறேன், கோயில் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"இன்னாக்கா, நீ மாவு குடுத்தியா பட்டாசு குடுத்தியா? மூடி பறந்து வந்து என் மூக்குல பட்டுகீது! அந்தக் கேக்குக்காரருக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்று ஒரே சத்தம். பங்கு மக்கள் எல்லோரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். என் கையில் ஜெபமாலை. நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், தவக்காலமாகப் போய்விட்டது.

கேக்குக்கு வேறு கேக் வாங்கிக் கொடுத்தாயிற்று. இருபது வருஷமாக என் மாவைப் பற்றி யாரும் ஒரு சொல் சொன்னதில்லை ஜாஸ்லின். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தெறித்த டப்பாக்களையும் மூடிகளையும் அப்படியே ஷெர்வினிடம் கொடுத்து அனுப்புகிறேன். உன் கண்ணாலேயே பார்த்துக்கொள். பந்தயம் முடிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு கடைக்கு வா.

ஞானகுமாரி


அம்பத்தூர்,
26.3.2025

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நன்றாக அழுதேன். உங்கள் மாவுக்கு என்னால் கெட்ட பெயர் வந்துவிட்டதே என்றுதான். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து டப்பாக்களைப் பார்த்தேன்.

ஒவ்வொரு மூடியிலும் சரியாக நடுவில், ஓட்டையின் மேலேயே, உங்கள் கடை லேபிள் ஒட்டியிருக்கிறது. சும்மா ஒட்டவில்லை, நகத்தால் தேய்த்துத் தேய்த்து ஒட்டியிருக்கிறார்கள். மூக்கையும் வாயையும் பொத்திவிட்டு மூச்சு விடு என்றால் மாவு என்ன செய்யும்? லேபிளை உரித்த மூடியை அதே மாவுக்குப் போட்டு ஜன்னல் வெயிலில் ஒரு பகல் முழுக்க வைத்துப் பார்த்தேன். அசையவில்லை.

கிருபாகரன் சார் குதிக்கிறார். "மூடி மேல தப்பு இல்லம்மா. உபயோகப்படுத்தினவங்க தப்புன்னு எழுதிடு" என்றார். நான் எழுதவில்லை. ஓட்டையைக் கண்டால் அடைக்கத் தோன்றுவது மனித சுபாவம். உங்கள் வீட்டில் தோன்றியது நாளைக்கு ஊரில் எல்லோருக்கும் தோன்றும். லேபிள் ஒட்டுகிற இடத்தில் கொண்டுபோய் ஓட்டையை வைத்தேனே, அது என் தப்புதான். பார்வதம் அக்காவிடம் நானே வந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

இந்தக் காரணத்தைச் சொல்லி, நான் தோற்கவில்லை என்று உங்களோடு வாதாடலாம். வாதாடப் போவதில்லை அத்தை. பந்தயத்தையே நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். விளையாட்டுப் புத்தியில் ஒத்துக்கொண்டுவிட்டேன். என் வேலையைப் பந்தயத்தில் வைத்திருக்கக் கூடாது. ஜெயித்தாலும் தோற்றாலும் நான் வேலையை விடமாட்டேன். அதுதான் நிபந்தனை என்றால், ஓலைக்குப் பெயர் கொடுக்க வேண்டாம்.

ஷெர்வினிடமும் சொல்லிவிட்டேன். "நீ வேலைக்குப் போறதுல எனக்கு இன்னா கஷ்டம்? நீ போ. ஆனா அம்மாகிட்ட நீயே பேசிடு. நான் பேசுனா கரண்டி பறக்கும்" என்றார். அவர் இல்லாமல் என்னால் இருக்க முடியுமா தெரியவில்லை. உங்கள் கடிதம் இல்லாமலும்தான்.

அன்புடன்,
ஜாஸ்லின்


கரையான்சாவடி,
30.3.2025

அன்புள்ள ஜாஸ்லினுக்கு,

ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பாராக. என்னையும் கொஞ்சம் மன்னிப்பாராக.

உன் கடிதம் வந்த ராத்திரி சாப்பாட்டில் விசாரணை வைத்தேன். லேபிள் ஒட்டுவது உன் மாமாவின் இலாகா என்று எழுதியிருந்தேன் அல்லவா? அந்த வெள்ளிக்கிழமை நான் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் போயிருந்த நேரத்தில் ஒட்டியிருக்கிறார். எப்போதும் டப்பாவின் வயிற்றில்தானே ஒட்டுவார், இந்தத் தடவை ஏன் மூடியில் ஒட்டினீர்கள் என்று கேட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"மூடி எல்லாத்துலயும் ஓட்டை இருந்துச்சு குமாரி. பொண்ணு பாவம், ஏதோ தெரியாம தப்பு பண்ணிட்ச்சுன்னு நினைச்சேன். நீ பாத்தா அதை ஒரு வழி பண்ணிடுவே. கடைக்காரங்க பாத்தாலும் சிரிப்பாங்க. நம்ம ஊட்டுக்கு வரப் போற பொண்ணாச்சே, யாருக்கும் தெரியக் கூடாதுன்னு ஒண்ணு உடாம ஒட்டிட்டேன்."

நான் என்ன செய்ய? ஷெர்வின் சிரித்துப் புரையேறி எழுந்து ஓடிவிட்டான். எனக்குச் சிரிப்பும் வருகிறது, கண்ணிலும் தண்ணீர் வருகிறது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் தப்பு ஒன்றையாவது அந்த மனிதர் இப்படி மூடி மறைத்திருப்பாரா? உனக்குக் கல்யாணத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது. உன் கடிதங்களை நான் ஒளித்து வைக்காமல் அவரிடம் காட்டியிருந்தால் ஓட்டை எதற்கு என்று தெரிந்திருக்கும். ஆக, குற்றவாளிகள் மூன்று பேர்: ஓட்டை போட்ட நீ, ஒட்டிய அவர், ஒளித்த நான்.

பார்வதத்திடம் விஷயத்தைச் சொன்னேன். "அந்த மனுசனுக்கும் ஒரு கேக்கு வாங்கிக் குடுக்கா" என்கிறாள். கோபம் போய்விட்டது.

வேலை விஷயத்துக்கு மட்டும் இப்போது என்னிடம் பதிலில்லை. நீ அவ்வளவு கறாராக எழுதியது முள்ளாகத்தான் குத்தியது. இன்னும் குத்துகிறது. பொய் சொல்ல மாட்டேன். ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். உன் அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

அன்புள்ள,
அத்தை


அம்பத்தூர்,
7.4.2025

அன்புள்ள அத்தைக்கு,

மாமா செய்ததை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். பஸ்ஸில் சிரித்து, பக்கத்திலிருந்த அம்மா எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்கள். மாமாவிடம் சொல்லுங்கள், அவர் எனக்குச் செய்தது பெரிய உபகாரம். அவர் ஒட்டாமல் விட்டிருந்தால், மூடி நன்றாக இருக்கிறது என்று சொல்லி நிஜ அச்சை இரும்பில் வெட்டியிருப்போம். வெட்டின பிறகு மாற்றுவதென்றால் கம்பெனி என்னை வெட்டியிருக்கும்.

புது மூடி வரைந்துவிட்டேன். இப்போது நடுவில் ஓட்டை கிடையாது. விளிம்பில், விரல் வைத்துத் திறக்கிற இடத்தில், உள்ளடங்கின மாதிரி வைத்துவிட்டேன். அங்கே வழவழப்பும் கிடையாது, சொரசொரப்பாகச் செய்திருக்கிறேன். லேபிள் ஒட்டினாலும் நிற்காது. நடுவை லேபிளுக்கென்றே வட்டமாக விட்டிருக்கிறேன், மாமா ஆசை தீர ஒட்டிக்கொள்ளட்டும். சோதனை அச்சில் ஒரு பெட்டி எடுத்து அனுப்புகிறேன். பந்தயம் எதுவும் இல்லை. பிடித்தால் போடுங்கள், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புங்கள்.

சனிக்கிழமைக்குள் ஓலைக்குப் பெயர் கொடுத்தால்தான் ஈஸ்டருக்கு அடுத்த வாரம் வாசிப்பார்களாம். அப்பா தினமும் கேட்கிறார். உங்கள் பதில் வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கல்யாணப் புடவை பார்க்கலாமா என்று அம்மா கேட்டால் பேச்சை மாற்றுகிறேன். வேன் சத்தம் கேட்டால் ஓடுகிறேன். ஷெர்வின் வெறுங்கையை விரித்துக் காட்டினால் உள்ளே வந்து உங்கள் பழைய கடிதத்தையே எடுத்துப் படிக்கிறேன்.

உங்களை அவசரப்படுத்த எழுதவில்லை. இல்லை, அவசரப்படுத்தத்தான் எழுதுகிறேன்.

அன்புடன்,
ஜாஸ்லின்


கரையான்சாவடி,
14.4.2025

என் அன்பு மருமகள் ஜாஸ்லினுக்கு,

அத்தையின் ஆசீர்வாதம். புத்தாண்டு வாழ்த்து. வடை தட்டிக்கொண்டே எழுதுகிறேன், காகிதத்தில் எண்ணெய் பட்டிருந்தால் பொறுத்துக்கொள்.

சனிக்கிழமை உன் அப்பாவுக்கு ஷெர்வினை விட்டு போன் பண்ணச் சொல்லி, ஓலைக்குப் பெயர் கொடுத்தாயிற்று என்று மட்டும் சொல்லச் சொன்னேன். மற்றதை நானே எழுதுகிறேன் என்று தடுத்துவிட்டேன். இரண்டு நாள் தூங்கியிருக்க மாட்டாய். அத்தை என்றால் கொஞ்சமாவது படுத்த வேண்டாமா?

உன் மூடி ஒரு வாரமாக எல்லாக் கடைக்கும் போகிறது. ஒன்றும் தெறிக்கவில்லை, ஏடும் இல்லை. பார்வதம் பயந்து பயந்து ஃப்ரிட்ஜைத் திறந்தாளாம், முகத்துக்கு நேரே தட்டைப் பிடித்துக்கொண்டு. இப்போது அவளே வருகிற ஆளுக்கெல்லாம் மூடியைத் தட்டிக் காட்டுகிறாள். ஆனால் அதனால் நான் மனம் மாறினேன் என்று நினைக்காதே. மூடி நன்றாக இல்லாவிட்டாலும் இதையேதான் எழுதியிருப்பேன்.

புதன்கிழமை மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது, உன் கடிதம் எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. கடைக்கு ஆள் வேண்டும் என்றால் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம். எனக்கு வேண்டியிருந்தது பேச ஒரு ஆள். அந்த ஆள் அம்பத்தூரில் உட்கார்ந்து, தன் வேலையைப் பார்த்துக்கொண்டு, என்னோடு ஒரு மாதமாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். வேலையில் நடப்பதை நீ எழுதுவதால்தான் அவ்வளவு ருசி. அதை விட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன பேசுவாய்? நானும் நீயும் சேர்ந்து கிரைண்டரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

நேற்று குருத்து ஞாயிறு பவனி முடிந்து, குருத்தும் கையுமாக நிற்கிறோம். நம் பங்கு ரெனிதா இருக்கிறாளே, எல்லார் வீட்டு விஷயமும் அவளுக்கு வேண்டும், "குமாரிக்கா, மருமவ வேலைய உட்டுட்டுத்தானே வருது?" என்று கேட்டாள். எல்லோரும் என் வாயைப் பார்க்கிறார்கள். நான் சொன்னேன், "அது வேலைய உட்டா என் மாவு இன்னாத்துக்கு ஆவறது? ஊரு பூரா மாவு கெட்டுப் போவட்டும்னு சொல்றியா?" உன் மாமா பக்கத்திலிருந்து "ஆமென்" என்றார்.

இப்போது நிச்சயமாகிவிட்டதால் சில காரியங்கள் சொல்கிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவி, டீ குடித்து, கடையில் என் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார். ஒரு வேலையும் செய்ய வேண்டாம். கிருபாகரன் சார் என்ன சொன்னார், சௌம்யா என்ன புடவை கட்டிக்கொண்டு வந்தாள், எல்லாம் எனக்கு வேண்டும். காலையில் ஷெர்வின் அம்பத்தூர் லோடுக்குப் போகும்போது உன்னை இறக்கிவிடுவான். மாவு வாசனை உன் துணியில் ஏறினால் என்னைக் குற்றம் சொல்லாதே, அதற்கும் ஒரு மூடி நீயேதான் யோசிக்க வேண்டும்.

உன் அம்மாவோடு போய்ப் புடவை பார். நல்ல சிவப்பாக எடு. கல்யாணத்துக்குப் பார்வதம் தானாகவே கேக் சொல்லிவிட்டாள், இந்தத் தடவை ஃப்ரிட்ஜில் வேறெதுவும் வைக்க மாட்டாளாம்.

நாளைக்கு ஆபீஸ் போனதும் கிருபாகரன் சாரிடம் கல்யாணத்துக்கு லீவு எழுதிக் கொடு. ஒரு வாரம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதே, பத்து நாளாவது கேள். தரமாட்டேன் என்றால் சொல், நானே வந்து கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தை
ஞானகுமாரி